நீங்க எத்தனை பேரு?

போன ஐப்பசி மழைக்கு அப்புறம் எங்கள் தெருக் குழாயில் டீ கலரில் தண்ணீர் வந்தது. நாற்றம் வேறு. பழைய வண்ணாரப்பேட்டைக்கு இது புதுசு இல்லை. சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் எங்களைப் போலவே நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்கிற இடம். ஆனால் மூன்று வாரம் விடாமல் வந்தால் என்ன செய்வது? தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். வாட்டர் பாட்டில் ஒன்றில் அந்தத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார். மனுவைப் படித்தார், அதாவது நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்துகளை விரல் வைத்து எண்ணினார்.

“நீங்க எத்தனை பேரு?”

“பன்னெண்டு பேர் சார்.”

“சங்கமா? ரிஜிஸ்டர் ஆயிருக்கா?”

“இல்ல சார். சும்மா, தெருக்காரங்க.”

“தெருவுல எத்தனை வீடு?”

“நூத்தம்பதுக்கு மேல இருக்கும்.”

“அப்போ மத்தவங்களுக்குத் தண்ணி நல்லாத்தான் வருது.”

அவர் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குப் போட்டு விடை கண்டுபிடித்தவர் முகத்தோடு சொன்னார். பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மனு நகலில் சீல் குத்திக் கொடுத்தார். திரும்பும்போது பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தோம். அதை அங்கேயே விட்டுவர ஏனோ மனசு வரவில்லை.

என் நைனா மனு எழுதிப் பிழைத்தவர். ராஜாஜி சாலையில், இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைப் பக்கம், நடைபாதையில் ஒரு மடக்கு மேஜை, ஒரு கறுப்புக் குடை, ஒரு தமிழ் ரெமிங்டன் டைப்ரைட்டர். பட்டா மாறுதல், விதவை உதவித்தொகை, காணாமல் போன ரேஷன் கார்டு என்று ஊர்க் கஷ்டமெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் உள்ளே போகும். வந்தவர்கள் அழுதுகொண்டே பத்து நிமிஷம் பேசுவார்கள். நைனா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “என்னிக்கு?” தேதி தெரிந்தால்தான் தாளைச் சுருட்டி மெஷினில் ஏற்றுவார். “மனுல கோவம் இருக்கக் கூடாதுடா, தேதி இருக்கணும்” என்பார். கோபத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமாம், தேதிக்குப் பதில் சொல்லியாக வேண்டுமாம். பாதி மனுவுக்குப் பதிலே வந்ததில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

எண்ணிக்கை கேட்டால் என்ன எழுதுவது என்று மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. தனி ஆள் மனுதான் அவருக்குப் பழக்கம்.

அந்த வாரம் பாரிமுனைக்கு ஒரு வேலையாகப் போனபோது பச்சையப்பன் ஹால் எதிரே நின்றேன். என்.எஸ்.சி. போஸ் சாலையில் அந்தத் தூண்களைக் கடக்காத வடசென்னைக்காரன் கிடையாது. நின்று பார்த்தவன்தான் குறைவு. ஏதென்ஸ் நகரத்துக் கிரேக்கக் கோயில் ஒன்றின் சாயலில் கட்டி, 1850இல் கவர்னர் சர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்த கட்டடம். இப்போது முன்னால் பழ வண்டி, பெல்ட் கடை, மொபைல் கவர் கடை. தூணைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ச்சாரிக்குப் போய் எக்க வேண்டும். இதைச் சுற்றியுள்ள சில தெருக்களில்தான் தென்னிந்தியாவின் முதல் அரசியல் சங்கம் உருவானது. அதற்கும் எங்களுக்குக் கிடைத்த கேள்விதான் கிடைத்தது: நீங்கள் யார், எத்தனை பேர்?

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. ‘காஜுலு’ என்றால் தெலுங்கில் வளையல். 1806இல் பிறந்தவர். அப்போது இந்த ஜார்ஜ் டவுனுக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். குடும்பம் அவுரியும் துணியும் வியாபாரம் செய்தது. நன்றாகச் சம்பாதித்த மனிதர், பேசாமல் மகள் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் என்று இருந்திருக்கலாம். 1844இல் ‘கிரசண்ட்’ என்று ஒரு ஆங்கிலப் பத்திரிகை ஆரம்பித்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அதை எப்படி எதிர்கொண்டது தெரியுமா? கைது இல்லை, தடை இல்லை. பத்திரிகை வெளிவரப்போகிறது என்ற விளம்பரத்தைக் கோட்டையின் அரசிதழில் போடக் கேட்டார், போட மறுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். உன்னை நாங்கள் பார்க்கவே இல்லை என்று பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்றுகிற மாதிரி.

கவர்னராக அப்போது இருந்தவர் ட்வீடேல் பிரபு. மிஷனரிகள்மேல் அவருக்குப் பாசம் அதிகம். அரசு உயர்நிலைப் பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்க முயன்றார். நகரத்து இந்துக்கள் கூடி லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு எழுதினார்கள். லட்சுமிநரசு முன்னால் நின்றார். இயக்குநர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை. அந்தச் சின்னக் கூட்டத்துக்கு இது ஒரு பெரிய பாடமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கோட்டைக் கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதற்குப் பதில், கோட்டைக்கு மேலே இருப்பவனுக்கு எழுதினால் கோட்டை நெளிகிறது. நைனா பாஷையில் சொன்னால், ‘நகல்: மேலிடத்துக்கு’.

1852 பிப்ரவரி 26 அன்று சென்னைவாசிகள் சங்கம் தொடங்கியது. தொடக்கத்தில் கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளை. கம்பெனியின் ஆட்சி உரிமைச் சாசனத்தைப் பார்லிமென்ட் இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். அடுத்த புதுப்பிப்பு 1853. அதற்குள் மூன்று ராஜதானிகளிலிருந்தும் மனு போக வேண்டும் என்று அவசரம். கல்கத்தாக்காரர்களில் பெரும்பாலோர் ஜமீன்தார்கள். சட்டம் இயற்றும் சபையில் இந்தியர் உட்கார வேண்டும் என்பது அவர்கள் முதல் கவலை. நம்மூர்க்காரர்கள் சில மாதத்திலேயே பிரிந்து தனி மனு எழுதினார்கள். ஏனென்றால் இங்கே ரயத்துவாரி, அதாவது உழவனே நேராகச் சர்க்காருக்கு வரி கட்டும் முறை. சர்க்காருக்கும் உழவனுக்கும் நடுவில் ஜமீன்தார் இல்லை, தாசில்தாரும் அவருடைய சேவகனும்தான் இருந்தார்கள். சபையில் நாற்காலி கேட்பதற்கு முன்னால் களத்துமேட்டில் நடப்பதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

1852 டிசம்பரில் அனுப்பிய அந்த மனுவில் எனக்குப் பிடித்தது மொதர்பா வரி பற்றிய இடம். தொழில்மேல் போட்ட வரி அது. நெசவாளி, தச்சன், உலோக வேலைக்காரன், கடை வைத்திருப்பவன், ரோட்டோரம் கூறு கட்டி விற்பவன் வரை யாரையும் விடவில்லை. சிலருக்குக் கருவிமேல் வரி, சிலருக்கு விற்கும் அனுமதிக்கு வரி. மனு சொல்கிறது: பல நேரம் அந்தக் கருவியின் விலையைவிட ஆறு மடங்கு வரி. ஆறு மடங்கு! இதில் கோபமே இல்லை பாருங்கள். உளியின் விலை ஒரு பக்கம், வரி ஒரு பக்கம். எழுதியவர்கள் நைனாவிடம் வேலை கற்றவர்கள் போலவே இருக்கிறார்கள். கோர்ட்டில் ஆகும் தாமதம், செலவு, ரோடு இல்லாதது, ஏரி தூர்ந்தது, பள்ளிக்கூடம் இல்லாதது என்று வரிசையாகப் போகிறது மனு.

மனு 1853 பிப்ரவரியில் லண்டன் போய்ச் சேர்ந்தது. பிரபுக்கள் சபையில் அதைத் தாக்கல் செய்தவர் எல்லன்பரோ பிரபு, ஒரு காலத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். சரி, அப்புறம்? மனுவுக்கு மரியாதை கிடைத்தது. சட்டத்துக்கு அது கேட்கவில்லை. 1853ஆம் வருஷச் சாசனச் சட்டம் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சட்டமியற்றும் கவுன்சிலை உண்டாக்கியது. மதராசுக்கு ஒரு இடம், பம்பாய்க்கு ஒரு இடம் என்றெல்லாம் பிரித்துக் கொடுத்தது. பன்னிரண்டில் இந்தியர் ஒருவரும் இல்லை. மதராஸ் இடத்தில் மதராஸ் சர்க்கார் அனுப்பும் வெள்ளைக்காரர் உட்கார்ந்தார். மனுதாரர்களைப் பற்றி மனுவில் குற்றம் சாட்டப்பட்டவர் போய்ப் பேசுவார் என்று ஏற்பாடு.

இங்கே என் கதைக்கு ஒருதரம் வந்துவிட்டுப் போகிறேன். நாங்கள் மனு கொடுத்து மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ‘தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காகப் பிரிவு அலுவலருக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது.’ எந்தப் பிரிவு அலுவலர் போன் எடுப்பதில்லை என்று மனுவின் இரண்டாம் பத்தியில் எழுதியிருந்தோமோ, அவருக்கு. தெருவில் எல்லோரும் சிரித்தோம். வேறு என்ன செய்வது?

சட்டம் கைவிட்ட பிறகு லட்சுமிநரசு செய்த காரியம்தான் அசாத்தியம். லண்டனில் அந்தச் சமயம் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று கிளம்பியிருந்தது. அதன் தலைவர் டான்பி சீமோர், பார்லிமென்ட் மெம்பர். அவர் 1853 அக்டோபரில் மதராசுக்கு வந்தார். நம்மவர் அவரைக் கோட்டையில் விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போக விடவில்லை. ஊர் ஊராக அழைத்துக்கொண்டு போனார். ரயத்துகளிடமே நேராகக் கேளுங்கள் என்றார். நீங்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் இதுதான் என்று நினைக்கிறேன்: எண்ணிக்கொண்டே வாருங்கள்.

சீமோர் திரும்பிப்போய், 1854 ஜூலையில் மதராஸ் நிலவரி பற்றி பார்லிமென்டில் நடந்த விவாதத்தில், வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்று சொன்னார். நம்ப மறுத்தவர்கள் பலர். பிரிட்டிஷ் ராஜ்யத்தில் அப்படியா? அந்த வருஷம் செப்டம்பரிலேயே மதராஸ் அரசு ஒரு ஆணையம் அமைக்கும்படி ஆயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். நார்ட்டன் வக்கீல். பொதுப்பணியில் கம்பெனி எவ்வளவு மோசம் என்று அதே வருஷம் அச்சில் எழுதியவர். ஆக மூவருமே கோட்டைக்குத் தலையாட்டுகிறவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

மனு கொடுக்க மூன்று மாதம் அவகாசம். ஆணையம் உட்கார்ந்த இடம் மதராஸ் பட்டணம். திருநெல்வேலிச் சம்சாரி மாட்டுவண்டியிலோ நடந்தோ இங்கே வந்து சேர வேண்டும். அப்படியும் 519 பேர் நேரில் வந்தார்கள். 1,440 பேர் கடிதம் எழுதினார்கள். மொத்தம் 1,959 புகார். இந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது நான் யோசித்தது அந்த 1,440 கடிதங்களைப் பற்றித்தான். இவர்களில் எத்தனை பேருக்கு எழுதத் தெரிந்திருக்கும்? ஒவ்வொரு கடிதத்துக்கும் பின்னால் ஒரு நைனா இருந்திருப்பார். ஓலையோ காகிதமோ முன்னால் வைத்துக்கொண்டு, ‘என்னிக்கு?’ என்று கேட்டிருப்பார்.

ஆணையத்தின் அறிக்கை இரண்டு முறைகளை அதிகம் சொல்கிறது. ஒன்று அண்ணாந்தாள். பெயரைக் கேட்டால் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத் தண்டனை. ஆனால் இங்கே ஆளைக் குனிய வைத்து, அவன் வேட்டியையே முறுக்கிக் கயிறாக்கி, அல்லது கயிற்றுப்புரியால், கழுத்தையும் கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் அப்படியே நிற்க வேண்டும். முதுகில் கல் ஏற்றுவதும் உண்டு. இன்னொன்று கிட்டி. எலுமிச்சம்பழம் பிழிகிற கட்டை மாதிரி இரண்டு பலகை. நடுவில் கையையோ காதையோ தொடையையோ வைத்து அழுத்துவது. நாங்கள் சின்ன வயதில் ரயில்வே காம்பவுண்டு ஓரம் கிட்டிப்புள் ஆடியிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இப்படி ஒன்று படுத்திருந்தது தெரியாது. இத்தனையும் எதற்கு? சில அணா பாக்கிக்கு. பல நேரம் சேவகனுக்கு வரவேண்டிய மாமூலுக்கு.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை நடக்கிறது, பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. புகார் சொல்ல வந்தவனுக்குப் பரிகாரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் ஒளிக்காமல் எழுதியது. இதற்காக அந்த மூவரையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பழியை எங்கே இறக்கிவைத்தது தெரியுமா? எல்லாம் சுதேசிச் சேவகர்கள் செய்வது. ஐரோப்பிய அதிகாரிகளுக்குத் தெரியாது, தெரிந்தால் தடுப்பார்கள். மக்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். கலெக்டர் துரை நல்லவர், நடுவில் இருக்கிற நம்மாட்கள்தான் மோசம். இந்தக் கதை இன்றைக்கும் எல்லா டீக்கடையிலும் ஓடுகிறது; ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள்.

லட்சுமிநரசு குழு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. 1856 ஜனவரியில் பார்லிமென்டுக்கு இன்னொரு மனு அனுப்பினார்கள். மூன்றே மாதம், அதுவும் மதராஸில் மட்டும் உட்கார்ந்தால் எத்தனை பேர் வீட்டை விட்டுக் கிளம்பி வந்திருக்க முடியும்? தீமையின் வேரைத் தேடவில்லையே, தேடியிருந்தால் வரி வசூலிக்கும் முறையிலேயே அது இருப்பது தெரிந்திருக்குமே? குற்றம் சாட்டப்பட்ட சேவகர்களிடம், உங்கள் மேலதிகாரிக்கு இது எவ்வளவு தெரியும் என்று ஏன் கேட்கவில்லை? அடிக்கிறவன் தானாக அடிப்பதில்லை, அவனுக்கு மேலே இருப்பவன் இவ்வளவு வசூல் என்று ஐரோப்பிய அதிகாரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும், அவர் தனக்கு மேலே இருப்பவருக்குக் காட்ட வேண்டும் என்று ஏணியில் படிப்படியாக ஏறி, உச்சியில் இருக்கும் சர்க்கார்வரை விரலை நீட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்கிற தொனியில். அரசியல் எழுத்தில் இதற்கு ஈடாக ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்த கார்ல் மார்க்ஸ், இந்தியாவில் சித்திரவதை பற்றிய தன் கட்டுரையில் இந்த மனுவைத்தான் எடுத்து ஆண்டார். கறுப்பர் நகரத்து வளையல் பெயர்கொண்ட செட்டியாரின் மனு மார்க்ஸ் மேஜைக்குப் போயிருக்கிறது. பிள்ளைகள் யாருக்கும் இதைப் பள்ளியில் சொல்லித்தருவதில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1858இல் கம்பெனி போய் ராணி வந்தார். 1861இல் இந்தியக் கவுன்சில்கள் சட்டம். இந்தியா மந்திரியாக இருந்த சர் சார்லஸ் வுட் அதைக் கொண்டுவரும்போதே சொல்லிவிட்டார்: இந்தியாவில் எல்லா வகை மக்களையும் உண்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் ஆட்களை ஓரிடத்தில் கூட்டவே முடியாது, ஆகவே பிரதிநிதித்துவம் என்ற பேச்சே வேண்டாம். யாரும் யாருக்காகவும் பேச முடியாத ஊரில் துரை மட்டும் எல்லோருக்காகவும் பேசலாம், அதில் அவருக்கு ஒரு சிக்கலும் தெரியவில்லை. பிரதிநிதி கூடாது, நியமனம் சரி. 1863இல் லட்சுமிநரசுவையே மதராஸ் கவுன்சிலுக்கு நியமித்தார்கள். அரசிதழில் விளம்பரம் போட இடம் தராதவர்கள் சபையில் நாற்காலி போட்டார்கள். இது மரியாதையா, வாயடைப்பா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். 1868இல் இறந்தார், சொத்தையெல்லாம் பொதுக்காரியத்தில் கரைத்துவிட்டு. சங்கமும் அவரோடு மங்கிப்போனது. ஒரு ஆளின் முதுகில் ஏறி நின்ற சங்கம் வேறு எப்படி முடியும்?

அடுத்த தலைமுறை கொஞ்சம் சாமர்த்தியசாலிகள். தங்கசாலைத் தெருவில் ஒரு அச்சகத்தில் 1878இல் எண்பது பிரதி அடித்து ‘தி இந்து’வைத் தொடங்கிய இளைஞர் கூட்டத்திலிருந்து ஜி. சுப்பிரமணிய அய்யரும் வீரராகவாச்சாரியும், அவர்களோடு அனந்தாச்சார்லுவும் சேர்ந்து 1884இல் சென்னை மகாஜன சபையைத் தொடங்கினார்கள். 1887இல் காங்கிரஸ் மதராசுக்கு வந்தபோது கவர்னர் கன்னிமாரா பிரபு பிரதிநிதிகளுக்குத் தோட்ட விருந்து கொடுத்தார். அடுத்த வருஷமே, 1888 நவம்பர் 30 அன்று, வைசிராய் டஃபரின் கல்கத்தா விருந்தொன்றில் இவர்களை நுண்ணோக்கி வைத்துப் பார்க்க வேண்டிய சிறுபான்மை என்றார். நீங்க எத்தனை பேரு என்பதன் வைசிராய் வடிவம் அது. இதில் வேடிக்கை, அதே டஃபரின் அதே வருஷம் கவுன்சில்களை விரிவுபடுத்தலாம் என்று உள்ளுக்குள் ஒரு கமிட்டி போட்டு லண்டனுக்கு எழுதியிருந்தார். 1892ஆம் வருஷச் சட்டம் அதிலிருந்து வந்ததுதான். மேடையில் ஏளனம், ஃபைலில் சலுகை. அதிகாரியின் பேச்சை மட்டும் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டியதில்லை, அந்த நேரத்தில் அவர் ஃபைலில் என்ன எழுதிக்கொண்டிருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

டஃபரினை எரிச்சல்படுத்தியது எது என்று பார்த்தால், கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். மதராஸ் காங்கிரசுக்காக வீரராகவாச்சாரி தமிழில் ஒரு வினாவிடைப் புத்தகம் எழுதினார். முப்பதாயிரம் பிரதி போனது. வசூலிலும் சின்னக் காசைத் தேடிப் போனார்கள். ஒரு அணாவிலிருந்து ஒன்றரை ரூபாய்வரை எட்டாயிரம் பேரிடம் வாங்கி ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் சேர்த்தார்கள். ஒரு பெரிய மனிதரிடம் போயிருந்தால் அதை ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஒரு அணா கொடுத்தவன் ஒரு ஆள். கணக்கில் வருவான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். ‘நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்?’ என்ற கேள்வியை அதிகாரி கேட்டால் சாக்கு. சேரியிலிருந்து வந்தால் அப்படி இல்லை. 1893இல் ஐ.சி.எஸ். (வெள்ளைக்காரன் காலத்து ஐ.ஏ.எஸ்.) பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, ரெட்டமலை சீனிவாசனும் பறையர் மகாஜன சபையும் 3,412 கையெழுத்தோடு பார்லிமென்டுக்கு எதிர் மனு அனுப்பினார்கள். பரீட்சை இங்கே வந்தால் சாதி இந்துக்கள்தான் அதிகாரிகளாக வருவார்கள், எங்கள் கதி என்னவாகும் என்றார்கள். மைலாப்பூர் வக்கீலிடமும் ஜார்ஜ் டவுன் வியாபாரியிடமும் இதற்குச் சரியான பதில் அன்றைக்கு இல்லை. எங்கள் பன்னிரண்டு பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். தெருக்கோடியில் ஒண்டிக்குடித்தனம் இருக்கும் வரிசை வீடுகளில் ஒருவரிடமும் நாங்கள் கையெழுத்து கேட்கவில்லை. தண்ணீர் முதலில் கெடுவதே அங்கேதான். அதிகாரி போட்ட கணக்கு தப்பு, ஆனால் கணக்கில் ஆள் குறைந்தது எங்கள் தப்பு. இதை ஒத்துக்கொள்ள எனக்கு ரெண்டு நாள் ஆனது.

பெரம்பூர் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது. 1918 ஏப்ரலில் அங்கே ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா ஆலையில் வேலை செய்தவர் இல்லை, பார்சி, அடையாறு பிரம்மஞான சபைக்காரர். அடுத்த வருஷம் அவர் லண்டன் போய், புதிய அரசியல் சட்டத்தை ஆராய்ந்த பார்லிமென்டுக் கமிட்டி முன்னால் தொழிலாளிக்கு ஓட்டு வேண்டும் என்று சாட்சி சொன்னார். நீர் யார் என்று கேட்டால், சந்தா கட்டியவர்களின் பெயர் இருந்தது. லட்சுமிநரசுவிடம் அது இல்லை.

சரி, கார்த்திகைக் கடைசியில் இரண்டாவது மனு எழுதினோம். இந்தத் தடவை தேதிவாரியாக: என்றைக்குத் தண்ணீர் எந்த நேரம் வந்தது, என்ன நிறம், எந்த வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு. கோபத்தை எடுத்துவிட்டேன். கையெழுத்துத் தாளில் கட்டம் போட்டு வரிசை எண் போட்டோம். கோடி வீட்டிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் போனோம். வாடகைக்காரர்கள் முதலில் தயங்கினார்கள், வீட்டுக்காரர் திட்டுவாரோ என்று. வீட்டுக்காரர்தான் கூட நிற்கிறார் என்று பார்த்தபிறகு போட்டார்கள்.

மூலையில் இட்லிக்கடை போடும் அக்கா மாவு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தது. பேனாவை வாங்கி, நிதானமாக, முழுப் பெயரும் இனிஷியலும் எழுதியது. அப்புறம் தாளைத் திருப்பாமல் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்துக் கேட்டது:

“தம்பி, நான் எத்தினியாவது ஆளு?”

“நூத்தி முப்பத்தேழு அக்கா.”

“எங்க மாமியாரு உள்ள படுத்துனு இருக்கு. அது ரேகைதான் வைக்கும். எட்டுன்னு போட்டு வை, இட்டாறேன்.”